குழந்தையின் எடை 15-வது பெர்சென்டைலில் இருக்கிறது என்றால்?

தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தையை எடை போட்டு, நீளம் அளந்து, தலைச் சுற்றளவும் எடுத்து ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். இப்போது பல கிளினிக்குகளில் கம்ப்யூட்டரே அந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சடித்துவிடுகிறது: எடை 15-வது பெர்சென்டைல், நீளம் 40-வது பெர்சென்டைல் என்று. "பாப்பா நல்லா இருக்கா" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். நூற்றுக்குப் பதினைந்தா? 35 எடுத்தால்தானே பாஸ்?

நூற்றுக்கு இத்தனை என்று எதைப் பார்த்தாலும் நமக்கு மார்க்காகத்தான் தெரியும். பள்ளிக்கூடம் பழக்கிவிட்ட பழக்கம். பெர்சென்டைல் சொல்வது வரிசையில் எத்தனையாவது இடம் என்பதை மட்டும்தான்.

ஆறு மாதம் முடிந்த பெண் குழந்தைகள் நூறு பேரை எடை குறைவானவளில் தொடங்கி அதிகமானவள் வரை வரிசையாக விடுவதாக வைத்துக்கொள்வோம். (நிறுத்த முடியாது, படுக்க வைப்போம்.) உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி இந்த வரிசையில் மூன்றாவதாக இருப்பவளின் எடை சுமார் 5.8 கிலோ. பதினைந்தாவதாக இருப்பவள் 6.4 கிலோ. நட்ட நடுவில் 7.3 கிலோ. எண்பத்தைந்தாவது இடத்தில் 8.3, தொண்ணூற்றேழாவது இடத்தில் 9.2. உங்கள் மகள் 6.4 கிலோ என்றால் அவளைவிட எடை குறைந்தவர்கள் ஏறக்குறைய 15 பேர், கூடியவர்கள் 85 பேர். அவ்வளவுதான் அந்த எண்ணின் பொருள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த வரிசையில் இருக்கும் நூறு பேருமே ஆரோக்கியமான குழந்தைகள். நோயாளிகளையும் கலந்து நிறுத்திய வரிசை இல்லை இது. வரிசை என்று ஒன்று இருந்தால் யாராவது ஒருத்தி முன்னால் இருந்தாக வேண்டும், யாராவது ஒருத்தி கடைசியில் இருந்தாக வேண்டும். எல்லாக் குழந்தையும் 50-க்கு மேல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது, வகுப்பில் எல்லாப் பிள்ளையும் சராசரிக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும் என்று கேட்பதுபோல நடக்காத காரியம்.

ஆண் குழந்தைகளுக்கு வரிசை வேறு. ஆறு மாதத்தில் அவர்களின் நடுப்புள்ளி 7.9 கிலோ. 7.3 கிலோ எடையுள்ள பெண் குழந்தை நடுவில் இருக்கிறாள். அதே எடையுள்ள ஆண் குழந்தை ஏறத்தாழ 22-வது பெர்சென்டைலில் இருக்கிறான். இரட்டையரில் ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் இந்தக் குழப்பம் வீட்டுக்குள்ளேயே வரும். நீலத் தாளையும் இளஞ்சிவப்புத் தாளையும் மாற்றி எடுத்துவிட்டால், ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தூக்கம் போகும்.

சரி, இப்போது வரைபடத்துக்கு வருவோம். கீழே இடமிருந்து வலமாக வயது, மாதக் கணக்கில். பக்கவாட்டில் கீழிருந்து மேலாக எடை. ஒவ்வொரு மாத வயதுக்கும் இப்படி ஒரு வரிசை இருக்கிறது அல்லவா, அந்த வரிசைகள் எல்லாவற்றிலும் மூன்றாவது இடத்தை மட்டும் எடுத்துக் கோத்தால் ஒரு வளைகோடு வரும். அதுதான் 3-வது பெர்சென்டைல் கோடு. அப்படியே 15, 50, 85, 97. பெரும்பாலான தாள்களில் இந்த ஐந்து கோடுகள்தான் இருக்கும். குழந்தையின் வயதுக்கு நேரே மேலே போய், எடைக்கு நேரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி எந்தக் கோடுகளுக்கு நடுவில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் செய்வதும் இதையேதான், கொஞ்சம் நுணுக்கமாக.

அந்த நுணுக்கம்தான் சில சமயம் வம்பு. "போன மாசம் 59, இந்த மாசம் 50, ஒன்பது குறைஞ்சிருச்சு" என்று கவலைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வரிசையின் நடுவில் கூட்டம் அதிகம். ஆறு மாதப் பெண் குழந்தைகளில் 25-வது இடம் 6.7 கிலோ, 75-வது இடம் 7.9 கிலோ. அதாவது நூற்றில் பாதிப் பேர் 1.2 கிலோ இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். 7.3 கிலோ குழந்தை 7.5 கிலோ ஆனால் 50-லிருந்து ஏறத்தாழ 59-க்குத் தாவிவிடும். நனைந்த டயப்பரோடு எடை போட்டாலே இந்த 200 கிராம் வந்துவிடும்! ஆகவே நடுப்பகுதியில் ஐந்து, பத்து என்று ஏறி இறங்குவதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஓரங்களில் கதை தலைகீழ். அங்கே ஆட்கள் குறைவு, இடைவெளி அதிகம். 5.8 கிலோ குழந்தை 5.6-க்கு இறங்கினால் பெர்சென்டைல் 3-லிருந்து ஒன்றரை வாக்கில் போகும். எண்ணைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் நடக்கும் ஒன்பது இட மாற்றத்தைவிட இது கவனிக்க வேண்டியது. மிகவும் மெலிந்த குழந்தைகள் அத்தனை பேருக்கும் '1-க்குக் கீழே' என்றே சீட்டில் வரும். அவர்களில் யார் தேறிவருகிறார்கள், யார் இன்னும் மெலிகிறார்கள் என்று பெர்சென்டைலை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மருத்துவர்களும் அங்கன்வாடித் திட்டமும் அந்தப் பகுதியில் இசட் ஸ்கோர் என்ற வேறு அளவைப் பயன்படுத்துகிறார்கள். நடுப்புள்ளி பூஜ்யம், அதிலிருந்து எவ்வளவு தூரம் கீழே அல்லது மேலே என்பதே கணக்கு. மைனஸ் 2 என்பது ஏறத்தாழ 2.3-வது பெர்சென்டைல். மைனஸ் 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று.

அங்கன்வாடியில் தரும் தாய்-சேய் அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைனஸ் 2-க்கு மேலே பச்சை. மைனஸ் 2-க்கும் மைனஸ் 3-க்கும் இடையே மஞ்சள். அதற்கும் கீழே ஆரஞ்சு. தனியார் கிளினிக் சீட்டும் அங்கன்வாடி அட்டையும் வேறு வேறு கணக்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வரைபடம்தான். என்னைக் கேட்டால், பெற்றோருக்கு அந்த மூன்று நிறங்கள் தரும் தெளிவைச் சீட்டில் அச்சடித்த 'பெர்சென்டைல் 23.7' தருவதில்லை.

அந்த நூறு குழந்தைகள் யார்?

"அதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் போட்ட சார்ட், நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. 1977-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் வெளியிட்ட வரைபடத்தைத்தான் உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகள் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. அதில் கைக்குழந்தைகளுக்கான பகுதி ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு வட்டாரத்தில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. பெரும்பாலும் வெள்ளை இனக் குடும்பங்கள், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகள்.

இதில் இனத்தைவிட அந்தப் புட்டிப்பால்தான் பெரிய தொல்லை கொடுத்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் முதல் இரண்டு மூன்று மாதங்களில் வேகமாக ஏறி, பிறகு கொஞ்சம் நிதானமாவார்கள். அது அவர்களின் இயல்பு. புட்டிப்பால் குழந்தைகளை வைத்துப் போட்ட கோட்டோடு ஒப்பிட்டால், மூன்று நான்கு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் குழந்தை பின்தங்குவதுபோலத் தெரியும். "பால் பத்தலை, டப்பா பால் ஆரம்பிங்க" என்ற அறிவுரை அடுத்து வரும். ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைக்கு, கோடு சரியில்லாததால் தாய்ப்பால் குறைந்தது.

இதைச் சரிசெய்யத்தான் 1997-லிருந்து 2003 வரை ஆறு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், இந்தியாவில் தெற்கு டெல்லி. மொத்தம் சுமார் 8,500 குழந்தைகள். கண்ணில் பட்ட குழந்தைகளை எல்லாம் சேர்க்கவில்லை. தாய்ப்பால் குடிக்க வேண்டும், தாய் புகைபிடிக்கக் கூடாது, சுத்தமான சூழல் வேண்டும், வளர்ச்சியைத் தடுக்கும் வறுமை இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள். அதாவது, குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று அளப்பதைவிட, தடை இல்லாவிட்டால் எப்படி வளர்வார்கள் என்று அளந்தார்கள்.

கிடைத்த விடை பலருக்கு வியப்பு. நல்ல சாப்பாடும் நல்ல சூழலும் கிடைத்தால் டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நீள்கிறார்கள். குழந்தைகளின் நீளத்தில் தெரிந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம். மிகப் பெரும்பகுதி ஒரே ஊரின் குழந்தைகளுக்குள்ளேயே இருந்தது. இந்த வரைபடம் 2006-ல் வெளிவந்தது, இரண்டு ஆண்டுகளில் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே "நம்ம ஊர்ப் பிள்ளை சின்னதாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் குழந்தையின் மெலிவைத் தள்ளிவிடுவதும் சரியல்ல.

ஒரு வேறுபாடு மட்டும் உண்மை. நம் குழந்தைகள் பிறக்கும்போது கொஞ்சம் எடை குறைவாகத்தான் பிறக்கிறார்கள். வரைபடத்தில் பெண் குழந்தையின் பிறப்பு எடை நடுப்புள்ளி 3.2 கிலோ. 2.7 கிலோவில் பிறந்தவள் ஏறத்தாழ 11-வது பெர்சென்டைலில் தொடங்குவாள். நம் மகப்பேறு வார்டுகளில் அது வெகு சாதாரணமான எடை. 2.5-க்குக் கீழே போனால்தான் எடை குறைந்த பிறப்பு என்ற கணக்கில் சேரும்.

ஒரு புள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது

15-ல் இருக்கும் குழந்தையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போன முறை எங்கே இருந்தாள் என்பது. இரண்டு மாதத்தில் 15, நான்கு மாதத்தில் 17, ஆறு மாதத்தில் 14 என்றால் அவள் தன் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறாள். அப்பா அம்மாவும் சிறுத்த உடல்வாகு என்றால் பேச்சே முடிந்தது. அதே குழந்தை இரண்டு மாதத்தில் 70, நான்கில் 40, ஆறில் 15 என்று வந்திருந்தால்? இரண்டு பேரும் இன்றைக்கு 15-ல்தான் இருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது குழந்தைக்குக் காரணம் தேட வேண்டும். அதைவிட, 50-ல் இருந்துகொண்டு 90-லிருந்து இறங்கி வந்த குழந்தை யார் கண்ணிலும் படாமல் போய்விடும், எண் அழகாக இருப்பதால்.

அச்சடித்த முக்கியக் கோடுகளில் இரண்டைத் தாண்டி இறங்கினால் விசாரிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. அதிலும் விதிவிலக்குகள் உண்டு. பிறப்பு எடை என்பது பாதி கர்ப்பப்பையின் கதை. தாய்க்குச் சர்க்கரை இருந்து நாலு கிலோவில் பிறந்த குழந்தை, முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தன் குடும்பவாகுக்கு ஏற்ற கோட்டுக்கு இறங்கி வரும். சிறிதாகப் பிறந்தது ஏறி வரும். பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் எடை இழக்கும். 10 சதவீதம் வரைகூட. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

கோடுகள் நேர்க்கோடுகளாக இல்லாமல் வளைந்து போவதற்கும் அர்த்தம் இருக்கிறது. நடுக்கோட்டில் போகும் பெண் குழந்தை பிறக்கும்போது 3.2 கிலோ, மூன்று மாதத்தில் 5.8. முதல் மூன்று மாதத்தில் 2.6 கிலோ ஏறிவிட்டாள். ஒன்பது மாதத்தில் 8.2, ஒரு வயதில் 8.9. அந்தக் கடைசி மூன்று மாதத்தில் ஏறியது வெறும் 700 கிராம். "முதல்ல கிடுகிடுன்னு ஏறினா, இப்ப என்ன ஊட்டினாலும் ஏற மாட்டேங்கிறா" என்று ஒன்பது மாதத்துக்கு மேல் எல்லா வீட்டிலும் ஒரு குரல் கேட்கும். தவழ்கிறாள், எழுந்து நிற்கிறாள், உலகத்தைச் சுற்றிப் பார்க்கிறாள். வேகம் குறைவதுதான் முறை. கோடே அப்படித்தான் படுத்துக்கொண்டு போகிறது.

அதற்காக ஏறாமலே நிற்பதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. முதல் ஆறு மாதத்தில் ஒரு முழு மாதம் எடை கூடவில்லை என்றால் அடுத்த தடுப்பூசித் தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்த மாதத்தில் கோடு சற்றுத் தளர்ந்து, அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்கு மேல் இறங்க ஆரம்பித்தால் பெரும்பாலும் இணை உணவில்தான் கோளாறு இருக்கும்: தாமதமாகத் தொடங்கியிருப்பார்கள், அல்லது பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி என்று தண்ணீராகவே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பருப்பையே மசித்து, ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ விட்டுக் கெட்டியாகக் கொடுக்க வேண்டிய வயது அது.

எடையை மட்டும் தனியாகப் பார்ப்பதும் அரைகுறைக் கணக்குதான். எடையும் 5, நீளமும் 5 என்றால் உருவத்துக்கேற்ற எடை, சிறுத்த குழந்தை. ஆனால் குழந்தை வெகுகாலமாகச் சத்துக் குறைவில் இருந்தாலும் நீளம் குட்டையாகும், அப்போதும் எடை உருவத்துக்குப் பொருந்தியே தெரியும். ஆகவே இங்கேயும் பழைய புள்ளிகளும் பெற்றோர் உயரமும் வேண்டும். எடை 5, நீளம் 60 என்றால் மெலிவு. இதைத் தனியாகக் காட்டுவதற்கு 'நீளத்துக்கேற்ற எடை' என்று இன்னொரு வரைபடம் இருக்கிறது. வயதே வராது அதில். கொழுகொழு குழந்தையைப் பார்த்துப் பூரிக்கும் வழக்கம் நமக்கு இருப்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: அந்த வரைபடத்தில் 97-க்கு மேலே போவது பெருமைப்பட வேண்டிய ரேங்க் அல்ல, அதுவும் டாக்டரிடம் பேச வேண்டியதே.

தலைச் சுற்றளவில் பெரியது சிறியது என்பதைவிட வேகம்தான் பேசும். அப்பாவுக்குப் பெரிய தலை என்றால் மகனுக்கும் இருக்கும், 90-லேயே நிலையாகப் போகும். கோடுகளை வெட்டிக்கொண்டு மேலே ஏறினாலோ, வளராமல் நின்றாலோ உடனே காட்ட வேண்டும்.

குறைமாதக் குழந்தையின் பெற்றோர் ஒன்றை மறக்கவே கூடாது. 32 வாரத்தில் பிறந்தவள் எட்டு வாரம் முந்தி வந்துவிட்டாள். நான்கு மாதம் முடிந்த அன்று அவளை இரண்டு மாதக் குழந்தையாகத்தான் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அவள் 5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதக் கணக்கில் போட்டால் 3-வது கோட்டுக்கும் கீழே. இரண்டு மாதக் கணக்கில் போட்டால் நடுப்புள்ளி 5.1, அவள் அதை ஒட்டியே இருக்கிறாள். ஒரே குழந்தை, ஒரே எடை. இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பார்ப்பார்கள். கிளினிக் கம்ப்யூட்டரில் பிறந்த தேதியை மட்டும் போட்டால் அதற்கு இது தெரியாது, நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அளப்பதிலும் கோளாறு வரும். எடையை உடையும் டயப்பரும் இல்லாமல், முடிந்தவரை ஒரே தராசில் பார்க்க வேண்டும். நீளம் அளப்பது இன்னும் சிரமம். பலகையில் படுக்கவைத்து ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நீட்டிப் பாதத்தை அழுத்தி அளக்க வேண்டும். அழுது புரளும் குழந்தையை ஒற்றை ஆள் டேப் வைத்து அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாராளமாகத் தவறும். நீளம் திடீரென்று 30 இடம் விழுந்தால் முதலில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே தராசு வாங்கித் தினமும் எடை போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குடித்த பாலும் கழித்த மூத்திரமும்தான் அதில் ஏறி இறங்கும். மாதம் ஒரு முறை தாராளம்.

இரண்டு வயதில் இன்னொரு சிறு அதிர்ச்சி காத்திருக்கும். அதுவரை படுக்கவைத்து அளந்தவர்கள் அன்றிலிருந்து நிற்கவைத்து உயரம் அளப்பார்கள். நின்றால் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் குறையும், வரைபடமும் அதற்கேற்ப அந்த இடத்தில் ஒரு படி இறங்கும். பையன் குட்டையாகிவிட்டான் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஐந்து வயதோடு இந்த வரைபடம் இங்கே முடிகிறது. அதன் பிறகு பதினெட்டு வரை இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட வரைபடத்தைப் பயன்படுத்துவார்கள். தாய்-சேய் அட்டையைப் பள்ளியில் சேர்த்ததும் தூக்கிப் போட்டுவிடாமல் ஃபைலில் வையுங்கள், பழைய புள்ளிகளை அந்த டாக்டரும் கேட்பார்.